எட்டுப் பறவைகளுக்கு எண் தெரியவில்லை

என் எஸ்தர் அக்கா, எங்கே இருந்தாலும் குறுக்கே பேசாமல் இதைக் கேள்.

முதல் செய்தி இது. மாஸ்கோவில் நீ போன வாரம் வரைக்கும் உயிரோடு இருந்தாய். அதற்குக் காரணம் நான். வரிசையாகச் சொல்லப் பார்க்கிறேன். என் தலைக்குள் அது வரிசையாக இல்லை.

நீ எங்களை விட்டுப் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. பொங்கல் விடுமுறை முடிந்த வாரம் உன் பெயருக்கு, பறவை வளையங்கள் தரும் பம்பாய் அலுவலகத்திலிருந்து ஒரு கவர் வந்தது. உள்ளே இன்னொரு கவர், மாஸ்கோ தபால்தலையோடு. கிண்டியில் வேலை முடிந்து ரயில் பிடித்து நான் தாம்பரம் வந்து சேரும்வரை அம்மா அதைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எஸ்தருக்கு லெட்டர் வந்திருக்குடா" என்றாள். வந்த விருந்தாளி எழுந்து போய்விடுவார் என்பது மாதிரி மெதுவாகச் சொன்னாள்.

ஆங்கிலத்தில் டைப் அடித்த நாலு வரி. நீ பள்ளிக்கரணைக் கழுவெளிச் சதுப்பில் வளையம் மாட்டி விட்ட பறவை ஒன்று, சைபீரியாவின் வடகோடியில் ஓர் ஏரிக்கரையில் கிடைத்திருக்கிறது. வளைய எண்ணின் கடைசி இலக்கங்கள் 47. பறவை, பேதை உள்ளான், பெண். வேட்டைக்குப் போன ஒருவர் சுட்டிருக்கிறார். ஊர்ப் பள்ளி ஆசிரியரிடம் வளையத்தைக் கொடுத்திருக்கிறார். அவர் மாஸ்கோவுக்கு அனுப்பியிருக்கிறார். உங்கள் பதிவேட்டில் உள்ள விவரங்களைத் தெரிவிக்கவும், நன்றி.

எனக்கு அப்போதே குழம்பிவிட்டது. பக்கத்து வீட்டு முருங்கை நம் காம்பவுண்டுக்குள் சாய்ந்ததற்காக அவர்களும் நாமும் ஆறு மாதம் பேசவில்லை. நினைவிருக்கிறதா? ஆனால் பெயர் தெரியாத ஒரு வேட்டைக்காரன், பறவையைச் சுட்டுத் தின்றுவிட்டு, அதன் காலில் இருந்த அலுமினியத் துண்டை மட்டும் கடமையாக வாத்தியாரிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறான். ஏன்? யார் அவனைக் கேட்டது?

"அது நம்ம பறவையா, அவங்க பறவையா?" என்று நான் ஒருமுறை உன்னைக் கேட்டேன். "எட்டு மாசம் இங்க சாப்பிடுது, நாலு மாசம் அங்க குஞ்சு பொரிக்குது. வேணும்னா கோர்ட்ல கேஸ் போட்டுப் பாரு" என்றாய். பிறகு கொஞ்சம் சீரியசாகச் சொன்னாய். "எங்க தங்குதுன்னு நமக்குத் தெரியணும், எங்க பொரிக்குதுன்னு அவங்களுக்குத் தெரியணும்டா. அப்பதான் எந்த ஏரியைத் தூர்க்கக்கூடாது, எந்த மாசம் சுடக்கூடாதுன்னு ரெண்டு தேசமும் உட்கார்ந்து பேச முடியும்." நான் கொட்டாவி விட்டேன். விடியற்காலை நாலரை மணிக்கு எழுப்பி ராஜகீழ்ப்பாக்கம், மேடவாக்கம் வழியாகச் சைக்கிள் மிதிக்க வைத்தால் வேறென்ன செய்வான் மனிதன்?

கடிதத்தைப் படித்ததும் உன் அலமாரியிலிருந்து பறவைப் பதிவேடான நீள நோட்டை எடுத்தேன். என் எழுத்து. டிராயிங் பேனாவால் நான் போட்ட எண்கள், அச்சடித்த மாதிரி. நாற்பத்தேழாம் வரியைப் பார்த்தேன். பொரி உள்ளான் என்று இருந்தது. பேதை உள்ளான் இல்லை.

ரஷ்யாக்காரன் தப்பாகப் படித்திருக்கிறான் என்று முடிவு கட்ட எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அன்றைக்கே பதில் எழுதினேன். எங்கள் பதிவேட்டில் பிழைக்கு வழியில்லை, உங்கள் ஆட்கள் எண்ணையோ பறவையையோ தவறாகப் பார்த்திருக்கிறார்கள், மறுபடி சரிபார்க்கவும். மூன்றே வரி. கீழே உன் பெயரைப் போட்டேன்.

ஏன் போட்டேன்? கடிதம் உன் பெயருக்குத்தானே வந்தது, அதனால் போட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். நீ இல்லை என்பதை ஆங்கிலத்தில் எழுத எனக்கு வரவில்லை என்பதுதான் நிஜம். தமிழிலும் வரவில்லை. கவரை ஒட்டித் தபாலில் போட்டேன். மாஸ்கோவில் நீ உயிரோடு இருந்தாய், கொஞ்சம் மரியாதை கெட்டவளாக.

அம்மா அந்த முதல் கடிதத்தைக் கைப்பையில் வைத்து மாதர் சங்கக் கூட்டத்துக்கு எடுத்துப்போனாள். "எஸ்தர் காலில் வளையம் போட்ட பறவை ரஷ்யா வரைக்கும் போயிருக்குது" என்று சொன்னாளாம். கேட்டவர்களில் பாதிப் பேருக்கு உன் காலில் எதற்கு வளையம் என்று குழப்பம்.

மார்ச் மாதம் பதில் வந்தது. தடித்த அட்டை ஒன்று. அதில் ஒட்டுநாடாவுக்கு அடியில், விரித்துத் தட்டையாக்கிய வளையம். உனக்குத் தெரியும், நான் கருவிகள் பழுதுபார்க்கிறவன், பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்காமல் எதையும் நம்பமாட்டேன். வைத்துப் பார்த்தேன். நாற்பத்தேழு. சந்தேகமே இல்லை.

கூடவே ஒரு குறிப்பு. "அன்புள்ள மிஸ் எஸ்தர், உங்களோடு வாதாட எங்களுக்கு விருப்பமில்லை, ஆகவே வளையத்தையே அனுப்புகிறோம். வளையத்தோடு வந்த இறக்கையும் காலும் எங்களிடம் உள்ளன, அது பேதை உள்ளான்தான். வசந்த காலத்தில் அந்த ஏரிக்கரையில் சுடுவதை நிறுத்தலாமா என்று இங்கே பேச்சு நடக்கிறது. உங்கள் கழுவெளிக்கும் எங்கள் ஏரிக்கும் நடுவே வரைபடத்தில் நாங்கள் இழுக்கப்போகும் முதல் கோடு இது. கோடு சரியா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம்."

நான் திட்டியிருந்தேன். அவர்கள் நலம் விசாரித்திருந்தார்கள்.

அக்கா, அப்போதுதான் உன் பிஸ்கட் டின்னைத் திறந்தேன். மிச்ச வளையங்கள் கம்பியில் கோத்தபடியே இருந்தன. நூறு வளையம், வரிசை எண்படி ஒரே கம்பியில் வரும். ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுவோம். நோட்டில் கடைசிப் பறவை அறுபத்து மூன்றாம் வரியில் இருந்தது. அப்படியானால் கம்பியில் அடுத்த வளையம் அறுபத்து நாலாக இருக்க வேண்டும். அறுபத்தைந்தாக இருந்தது.

அறுபத்து நாலு வளையம் போயிருக்கிறது. பறவைகள் அறுபத்து மூன்றுதான்.

நாற்பத்தாறாம் வரியைப் பார்த்தேன். பேதை உள்ளான், பெண். ரஷ்யாக்காரன் சரி. நோட்டு ஒரு வரி நகர்ந்திருக்கிறது. எங்கோ ஒரு வளையம் எந்தக் காலிலும் ஏறாமல் போயிருக்கிறது. அதன் எண்ணை யாரும் அடிக்கவில்லை.

எப்படி நடந்தது என்று எனக்கு விளங்கிவிட்டது. உன் முறை வேறு. பறவையைப் பிடித்திருக்கிறவர் வளையத்தின் எண்ணைச் சத்தமாகப் படிக்க வேண்டும், எழுதுகிறவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு எழுத வேண்டும். நீ ஒரு கையில் பறவையும் ஒரு கையில் இடுக்கியுமாக நிற்பாய், மூன்றாவது கையாக நான் இருப்பேன். நான் இல்லாமல் நீ வலை விரித்ததே இல்லை. இரண்டே தடவைதான் உன் முறைப்படி திருப்பிச் சொல்லி எழுதினோம். "இது என்ன ஸ்கூல் பிள்ளைங்க மாதிரி? வளையம்தான் வரிசையா வருதே" என்று சொல்லி, வீட்டிலேயே உட்கார்ந்து ஒன்று முதல் நூறுவரை எண்களை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டேன். கழுவெளியில் பறவையின் பெயரும் இறக்கை நீளமும் மட்டும் எழுதினால் போதும். பறவைக்கு அரை நிமிஷம் மிச்சம் என்று உனக்குக் கணக்கு வேறு காட்டினேன். நீ முகத்தைச் சுளித்தாய். ஆனால் விட்டுவிட்டாய்.

ஏன் விட்டாய்? நான் செய்யும் எல்லாவற்றுக்கும் சண்டை போடுகிறவள், அதற்கு மட்டும் ஏன் போடவில்லை?

மறுநாள் புது நோட்டு ஒன்று வாங்கி வந்தேன். ஒரு வரி தள்ளி, எல்லாவற்றையும் திருத்தி, சுத்தமாக மறுபடி எழுதி அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். மூன்று பக்கம் எழுதியும்விட்டேன். நாலாவது பக்கத்தில் கை நின்றது. எந்த வரியிலிருந்து தள்ளுவது? நாற்பத்தாறில் நகர்ந்திருக்கிறது, சரி. அதற்கு முன்னால் எங்கே தொடங்கியது? எனக்கு எதுவுமே ஞாபகம் இல்லை. ஒரு வளையம் தவறியது என்றே எனக்கு ஞாபகம் இல்லை.

ஏப்ரலில் ஒரு நாள் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்கரணைக்குப் போனேன். கன்னியப்பன் வீட்டு வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்தார். உனக்குப் பறவை பிடித்துக் கொடுக்கத் தொடங்கும் முன்னால் தாம்பரம் மார்க்கெட்டில் உள்ளான் விற்ற அதே கன்னியப்பன்தான். கொஞ்சம் இளைத்திருக்கிறார்.

"இன்னா தம்பி சார், வயி தெரிஞ்சுதா? அக்கா போனப்பறம் இந்தப் பக்கம் தலையே காட்டல."

அட்டையைக் காட்டினேன். ரஷ்யாவில் ஒருவன் சுட்டுத் தின்றுவிட்டு அனுப்பியது என்றேன். வளையத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"நாம கண்ணு மாரி பாத்து வுட்டோம், அவன் துன்னுட்டானா? ருசி இன்னான்னு எய்திக்கிறானா?"

"எழுதல."

"எய்த மாட்டான். சொன்னா நாமளே துன்னுட்டு அனுப்பாம வுட்ருவோம்னு பயம்." சிரித்துவிட்டு அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

"கன்னியப்பன், ஒரு வளையம் கம்மியா இருக்கு. எப்பவாவது கீழ விழுந்துதா?"

"இன்னா சார், இப்ப வந்து கேக்கற? அது வுயுந்து வர்சத்துக்கு மேல ஆவுது."

"விழுந்துதா? எப்ப?"

"அக்காவுக்கு நத்தை ஓடு குத்திக் காலு கிய்ஞ்சுதே, அன்னிக்கு. இடுக்கியாண்டேர்ந்து நய்வி சேத்துல பூட்ச்சி. அக்கா குனிஞ்சி தேடப் போச்சி. நீதான் 'விடுக்கா, அடுத்தத எடு, டைம் ஆவுது'ன்னு கத்தின."

"நானா?"

"பின்ன நானா? எனக்கு இன்னா டைம்மு கீது, ஆபீசா கீது?"

அவர் பேச்சில் கோபமே இல்லை, அக்கா. மழை பெய்தது என்று சொல்வது மாதிரி சொன்னார். நோட்டைப் புரட்டினேன். குறிப்புக் கட்டத்தில் என் எழுத்திலேயே இருந்தது: "அக்காவுக்குக் காலில் வெட்டு, சீக்கிரம் முடித்தோம்." உன் கால் வெட்டை எழுதியிருக்கிறேன். வளையம் விழுந்ததை எழுதவில்லை. அது எனக்கு ஒரு செய்தியாகவே தோன்றவில்லை போலிருக்கிறது.

அன்றைக்கு இருபத்தொன்பது முதல் முப்பத்தேழு வரை ஒன்பது பறவைகள். அதற்கு முந்தியவை எல்லாம் சரி. பிந்தியவை எல்லாம் ஒரு எண் தள்ளி. அன்றைய ஒன்பதில், விழுந்த வளையத்துக்குப் பிறகு எப்படியும் ஒரு பறவைக்காவது மாட்டினோம் என்பதால், கடைசிப் பறவை நிச்சயம் தள்ளித்தான் இருக்கும். மிச்சம் எட்டு. அந்த எட்டின் எண் எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

கிளம்பலாம் என்று எழுந்தேன். கன்னியப்பன் தலை நிமிராமல் சொன்னார்.

"அக்காவே அப்பறம் வந்து தேடிச்சி சார். தண்ணி வத்தினப்பறம், நல்ல வெய்ல்ல. நம்ம வூட்லதான் சல்லட வாங்கிகினு, அந்தாண்ட குந்திகினு மூணு நாளு மண்ண சலிச்சிது."

எழுந்தவன் மறுபடி உட்கார்ந்தேன்.

"நான் கேட்டேன், 'இன்னாத்துக்குக்கா இந்தப் பாடு, தம்பியாண்ட சொன்னா அது வந்து தேடாதா'ன்னு. அக்கா சிரிச்சிகினே, 'அவங்கிட்ட சொன்னா நோட்டையே கிழிச்சிப் போட்டுட்டு, வேற நோட்டுல அழகா எழுதிடுவான்யா. தப்பு எங்க நடந்துச்சின்னே அப்பறம் யாருக்கும் தெரியாம பூடும்'னு சொல்லிச்சி."

என் பையில் அந்தப் புது நோட்டு இருந்தது, அக்கா. மூன்று பக்கம் எழுதியது.

ஆக, உனக்குத் தெரிந்திருக்கிறது. சீசன் முடிந்து கம்பியையும் நோட்டையும் ஒப்பிட்டதும், விழுந்ததன் எண்ணை நான் அடிக்கவில்லை என்று கண்டுபிடித்திருப்பாய். எந்த எண் விழுந்தது என்று தெரியாமல் திருத்தக்கூடாது, அதனால் வளையத்தையே தேடிப் போயிருக்கிறாய். சட்டைக்கு இஸ்திரி சரியில்லை என்று நான் சொன்னால்கூடத் தெருக்கோடிவரை கேட்கக் கத்துகிறவள், இதற்கு ஒரு வார்த்தை பேசவில்லை. வெயிலில் கறுத்து வீட்டுக்கு வந்த மூன்று நாளும் நான் உன்னைப் பார்த்தேன்தானே? என்ன கேட்டேன்? எதுவுமே கேட்கவில்லையா?

கன்னியப்பனிடம் இன்னொன்றும் கேட்டேன். அந்த மூன்று நாளும் நீ என்ன தண்ணீர் குடித்தாய் என்று.

"இங்க இன்னா சார் கீது, ஊத்துத் தண்ணிதான். நானுந்தான் குட்ச்சேன். எனக்கு ஒண்ணும் ஆவல."

உனக்குக் காமாலை கண்டது ஜூனில். தண்ணீரால் வந்திருக்கலாம் என்றார் டாக்டர். எந்தத் தண்ணீர் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. இதற்குமேல் என்னால் கணக்குப் போட முடியவில்லை, அக்கா. வீட்டுக் கிணறாக இருக்கலாம். உன் காலேஜ் தண்ணீர்ப் பானையாக இருக்கலாம். போட்டுப் போட்டுப் பார்க்கிறேன், விடை ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி வருகிறது.

அம்மாவிடம் சொல்ல எனக்கு ஆகஸ்ட் வரை ஆனது. சமையலறையில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், தண்ணீரைத் தவிர. கேட்டுக்கொண்டே இருந்தவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அவ பேர்ல நீ கையெழுத்துப் போட்டியா?"

"போட்டேன்."

அடுப்பைக் குறைத்தாள். "அவ இல்லன்னு நீ எழுதப் போற லெட்டரை நான் படிச்சுப் பார்க்க மாட்டேன். சரியா எழுதி, போட்டுட்டு வா" என்றாள்.

எழுதினேன். நாலு தடவை கிழித்துவிட்டு எழுதினேன். பழைய நோட்டை அப்படியே வைத்துக்கொண்டு, என் அழகான எண்களைச் சிவப்புப் பென்சிலால் அடித்து, பக்கத்தில் சரியான எண்களைப் போட்டேன். அந்த எட்டு வரிகளைச் சுற்றி மட்டும் ஒரு கோடு இழுத்து, "எண் நிச்சயமில்லை" என்று எழுதினேன். பார்க்க அசிங்கமாக இருக்கிறது. நகல் எடுத்து பம்பாய்க்கு ஒன்று, மாஸ்கோவுக்கு ஒன்று. கடிதத்தில் சுற்றி வளைக்கவில்லை. உங்கள் கோடு சரி, வரைந்துகொள்ளுங்கள். பறவைகளைப் பிடித்தவர் எஸ்தர், அவர் பிழை செய்யவில்லை. எண்களை எழுதியவன் நான், பிழை என்னுடையது. ஜனவரியில் உங்களுக்கு மரியாதையில்லாமல் எழுதியதும் நான். எஸ்தர் போன ஆண்டு ஜூன் மாதம் இறந்துவிட்டார்.

அந்தக் கடைசி வரியை எழுதிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். இந்நேரம் அது போய்ச் சேர்ந்திருக்கும். முகம் தெரியாத யாரோ ஒருவர் அதைப் படித்திருப்பார். ஏன் எனக்கு நீ இரண்டாம் தடவை இறந்த மாதிரி இருக்கிறது? ஏன் கூடவே கொஞ்சம் மூச்சு விட முடிகிறது? இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் இருக்க முடியும்?

உன் பதிவேட்டை முழுவதும் தள்ளிவிடுவார்களா, எட்டை மட்டும் தள்ளுவார்களா, தெரியவில்லை. பம்பாயிலிருந்து பதில் இல்லை. மிச்சமுள்ள முப்பத்தாறு வளையங்களை நானே மாட்ட அனுமதி கேட்டிருக்கிறேன். அதற்கும் இதுவரை பதில் இல்லை. கேட்க எனக்கு என்ன யோக்கியதை என்று அவர்கள் நினைக்கலாம். நானும் அதையேதான் நினைக்கிறேன். ஆனாலும் கன்னியப்பனிடம் உன் மாதிரி பறவையைப் பிடிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன். விரலிடுக்கில் கழுத்து, உள்ளங்கையில் முதுகு. ஒரு சிட்டுக்குருவி என்னை இரண்டு தடவை கடித்துவிட்டது. "அவசரப்பட்டா கடிக்கத்தான் செய்யும், அது இன்னா உன் மிஷினா?" என்கிறார்.

எழுத ஆள் வேண்டுமே என்றேன் வீட்டில். அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "முப்பது வருஷம் ஸ்கூல்ல டிக்டேஷன் போட்டவ நான். எனக்கு எழுதத் தெரியாதா?" என்றாள். கழுவெளிப் பக்கமே போகாதவள். சேற்றில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நிற்பாளா என்று கேட்டேன். "நீ நம்பரை ஒழுங்காச் சொல்லு. ரெண்டு தடவை சொல்லு. நான் திருப்பிச் சொல்லி, நீ சரின்னு சொன்னப்பறம்தான் எழுதுவேன்" என்றாள்.

அதைத்தானே நீ அப்போதே சொன்னாய்.

அந்த எட்டும் எங்கே இருக்கின்றனவோ. பாதி செத்திருக்கலாம், யார் தட்டிலாவது முடிந்திருக்கலாம். இதை அச்சில் போடச் சொல்லியிருக்கிறேன், அக்கா, மற்றவர்களும் படிக்கட்டும். யார் கையிலாவது காலில் வளையம் உள்ள பறவை கிடைத்தால், தின்றாலும் பரவாயில்லை, எண்ணை எழுதி அனுப்பட்டும். ஒரு எண் வந்தால்கூட அதற்கு முந்தியவையோ பிந்தியவையோ தெளிந்து, எட்டு, நாலோ மூன்றோ ஆகிவிடும்.

உனக்கு ஒரு வாக்கு. அனுமதி வந்தால், இந்த மார்கழியில் எண் கட்டம் காலியாக உள்ள நோட்டோடு கழுவெளிக்குப் போவேன். வராவிட்டால் அடுத்த மார்கழியில். வலையில் விழும் ஒவ்வொரு பறவையின் காலையும் முதலில் பார்ப்பேன். எண்ணை நிறுத்திப் படிப்பேன், இரண்டு தடவை, அம்மா காதில் விழுகிற மாதிரி. வளையம் சேற்றில் விழுந்தால் குனிந்து தேடுவேன். நேரமானால் ஆகட்டும்.

அடுத்ததை எடு என்று கத்திய,
உன் தம்பி ராஜன்